விடியற்காலைப் புகையும் அம்மாவின் இளைப்பும்

தேனி மாவட்டம் கூடலூரில், குமுளி மலையடிவாரத்தில் வீடு. அம்மாவுக்கு 64 வயது. மூன்று வருடமாக மார்கழி பிறந்தால் விடியற்காலையில் இளைப்பு, வறட்டு இருமல். பத்து மணி வெயிலுக்குத் தணிந்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் ஒரு தொந்தரவும் இல்லை.

பனிக்காலத்தில் மலைச்சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்குகிறது, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கிறது. சருகும் குப்பையும் எரிக்கிற புகை எங்கே போகும்? எங்கள் தெருவில் இடுப்பு உயரத்துக்கு நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்ஹேலர் தொடர்கிறது. ஜன்னலை அடைத்தோம். என்95 மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்கிறார். எரிக்க வேண்டாமென்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டோம், இரண்டு நாள்தான் நின்றது.

அவர் தூங்கும் 12க்கு 14 அடி அறைக்கு, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் எந்த சிஏடிஆர் அளவில் (மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தரும் என்ற கணக்கு) வாங்கினால் போதும்?