மறு: துப்பாக்கி இரும்பில் அடித்த அடையாளங்களுக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ராணுவத் துப்பாக்கிகளின் இரும்பில் அடித்த அடையாளங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு 'முத்திரை', 'பொறிப்பு' என்று இரண்டு சொற்கள் குழுவில் வந்துள்ளன. என் பரிந்துரை 'குத்துக்குறி'.

தருமபுரியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் கையில் கொடுத்தது பழைய .303 ரைபிள். எண்ணெய்த் துணியால் துடைத்தால் மரக்கட்டை வந்து சேரும் இரும்பில் ஒரு கிரீடம், கீழே ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1942 என்று தெரியும். ஜி.ஆர்.ஐ. என்பது ஜார்ஜ், மன்னர், பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம். இஷாப்பூர், வங்காளத்தில் அந்தத் துப்பாக்கியைச் செய்த தொழிற்சாலை இருக்கும் ஊர். சுதந்திரத்துக்குப் பிறகு அடித்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது. விரலால் தடவினால் சில எழுத்துகளின் ஓரத்தில் இரும்பு வரப்பு மாதிரி லேசாகத் தூக்கி நிற்கும். செதுக்கியிருந்தால் இரும்பு சீவிப் போயிருக்கும். அச்சை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்ததால்தான் ஒதுங்கி வரப்பு கட்டியிருக்கிறது.

தருமபுரி அருங்காட்சியகத்து நடுகல்லில் இருப்பது வெட்டு, கல்வெட்டு என்கிறோம். இது குத்து. ஓசூர் லேத் பட்டறையில் இரும்பில் எண் அடிக்கும் நம்பர் பஞ்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஒன்பதே அச்சுதான் இருக்கும். 6-ஐத் திருப்பிப் பிடித்தால் 9. அந்த வேலைக்கு நம்மிடம் உள்ள சொல் குத்துதான். 'குத்து' முரட்டுத்தனமாக ஒலிக்கிறது என்றார் ஒரு நண்பர். பச்சை குத்துகிறோம், தபாலில் முத்திரை குத்துகிறோம், அதில் முரடு ஏது?

முத்திரை என்றால் அதிகாரம் ஏற்றுக்கொண்டது என்று பொருள் வருகிறது. வழக்கத்தைவிட வீரியமான தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கிய பிறகு அடிப்பதை அப்படிச் சொல்லலாம். வெறும் வரிசை எண்ணை எப்படிச் சொல்வது? அதனால் பொதுச்சொல் குத்துக்குறி. அதற்குள் தாங்குதிறன் பார்த்து அடிப்பது ஆய்வுக்குறி. காக்காய்க்கால் மாதிரி மூன்று கோட்டில் இருக்கும் அரசு அம்பு உடைமைக்குறி. சுடுவதற்கில்லை, அணிவகுப்புக்கு மட்டும் என்று அடிக்கும் டி.பி., பயிற்சிக்குறி.

ஒன்றுதான் இன்னும் அமையவில்லை. பிரிட்டிஷ் ராணுவம் துப்பாக்கியை விற்றுக் கழித்தபோது இரண்டு அம்புகளை முனையோடு முனை முட்டும்படி அடித்தது. 'கழிவுக்குறி' என்றால் குப்பை என்று படுகிறது. 'விடுப்புக்குறி' சரியாக வருமா? சொல்லுங்கள்.