2030 குறிஞ்சிக்கு ஒதுக்கும் பணம்: சாலைக்கா, பூண்டுக்கா?

கோவிலூர் விவசாயி:
கேரளத்தின் மூணாறுப் பக்கம், எங்கள் வட்டவடை மலையில் அடுத்த நீலக்குறிஞ்சி 2030-இல் பூக்கும். வட்டவடைச் சாலையை அகலப்படுத்த வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், விழாவுக்கு நிதி வேண்டும் என்று மலையில் இப்போதே பேச்சு. 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டத்துக்குச் செலவழிக்கப் பணம் இருக்குமானால், ஆண்டுதோறும் விளையும் பூண்டுக்கு ஒரு கிடங்கு கட்ட ஏன் இல்லை? காந்தளூர்–வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. மண்டியில் என் மூட்டைக்கு அதனால் ஒரு ரூபாய் கூடவில்லை. விதைப்பூண்டைக் கொத்துக்கொத்தாக வீட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழேதான் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். விற்கும் பூண்டை வைக்க அந்த இடமும் கிடையாது. பிடுங்கிய வாரமே, முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்குப் போய்விடுகிறது.

மூணாறு ஜீப் ஓட்டுநர்:
அண்ணா, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் கூட்டத்தை ஏன் பகைக்கிறீர்கள்? 2018-இல் குறிஞ்சியை நம்பிக் கடன் வாங்கி அறை கட்டியவர்கள் எத்தனை பேர்! ஆகஸ்ட் வெள்ளமும் மண்சரிவும் வந்து பாதைகள் அடைபட்டன. முன்பதிவு செய்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பூ பூத்தது, பார்க்க ஆள் வரவில்லை. நல்ல சாலைதான் எங்களுக்கு முதல் தேவை. உங்கள் கேரட்டும் முட்டைக்கோசும் மதுரைக்குப் போவதும் அதே சாலையில்தானே?

சோலைப்புல் (புல்வெளிக்காகப் பேசும் பெண்):
பூ தானாக வந்துவிடும் என்று இருவரும் நினைக்கிறீர்கள். கொட்டக்கம்பூர், வட்டவடை கிராமங்களில் சுமார் 3,200 ஹெக்டேரைக் குறிஞ்சிமலை சரணாலயமாக 2006-இல் அறிவித்தார்கள். அந்த மலைகளில் யூகலிப்டஸும் வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் புல்வெளியைத் தின்றுவிட்டன. புல்வெளி இல்லாமல் குறிஞ்சி இல்லை, ஊற்றும் இல்லை. ஊற்று வற்றினால் பூண்டுக்கு எங்கே தண்ணீர்? முதல் செலவு மரத்தை அகற்றிப் புல்லை மீட்பதற்குத்தான். ஊர் மக்களுக்கே அந்தக் கூலி வேலையைக் கொடுக்கலாம். தேக்கடியில் காட்டு மரப்பட்டை உரித்துக் கடத்திய ஆட்களே சுற்றுச்சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்து, வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்களே. 1996-இல் தொடங்கிய அந்தச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் 2004-இல் முடிந்தபோது, வேலை நின்றுபோகாமல் இருக்கப் பெரியாறு அறக்கட்டளையை அமைத்தார்கள். பயணிகள் செலுத்தும் தொகையில் ஒரு பங்கு அங்கே போகிறது.

மூணாறு ஜீப் ஓட்டுநர்:
தேக்கடிக்கு ஆண்டு முழுவதும் ஆள் வருகிறார்கள் அம்மா. குறிஞ்சிக்கு இரண்டு மூன்று மாதம், அதுவும் 12 ஆண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட 11 ஆண்டு யார் கூலி கொடுப்பது?

சோலைப்புல்:
மூணாறு பக்கத்து ராஜமலையில் வரையாடு பார்க்கும் கூட்டம் ஆண்டுதோறும் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் குட்டி ஈனும் காலத்துக்குத்தான் மூடுகிறார்கள். அந்த டிக்கெட்டில் ஒரு சிறு தொகையை வட்டவடைப் புல்வெளிக்கென்று ஒதுக்கலாம்.

மூணாறு ஜீப் ஓட்டுநர்:
டிக்கெட் விலை ஏறினால் தேனி, மதுரையிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் டாப் ஸ்டேஷன் காட்சிமுனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த இழப்பு எங்கள் தலையில்தான் விழும். இதை என்னால் ஏற்க முடியாது.

கோவிலூர் விவசாயி:
தங்கச்சி, ஊற்றைப் பற்றி நீ சொன்னது சரி. என் தோட்டத்துக்கு மேலே யூகலிப்டஸ் வளர்ந்த பிறகு ஓடையில் கோடைத் தண்ணீர் குறைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் சரணாலயம் அறிவித்த நாளிலிருந்து எது பட்டா, எது காடு என்று முடிவாகாமல் இழுத்தடித்தார்களே, அதன் சுமையை நீ பார்க்கவில்லை. ஆவணத்தில் வில்லங்கம் என்று வங்கி என்னைத் திருப்பி அனுப்பியது. வங்கி கைவிட்ட இடத்தில்தான் வியாபாரியின் முன்பணம் நுழைகிறது. வாங்கிய பிறகு விலை பேச எனக்கு வாய் ஏது? கிடங்கு கட்டிக் கொடுத்தாலும் கடன்பட்டவன் பூண்டை அதில் வைத்துக் காத்திருக்க முடியாது. அதனால் கிடங்குக்கும் முன்னால் நில அளவைக்குப் பணம் ஒதுக்கட்டும். எல்லைக்கல் நட்டு, என் நிலம் எனக்கு என்று எழுதிக் கொடுத்த மறுநாளே மரம் வெட்டும் வேலைக்கு நான் வருகிறேன்.

சோலைப்புல்:
அளவை முடியும்வரை வாட்டில் காத்திருக்காது அண்ணா. வில்லங்கமே இல்லாத அரசு நிலத்தில் புல்வெளி வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். அளவையும் கூடவே நடக்கட்டும்.

கோவிலூர் விவசாயி:
தொடங்குங்கள். கூலியை மட்டும் வாரக் கடைசியில் கையில் கொடுக்க வேண்டும். அரசுக் கொள்முதலுக்குக் காய்கறி கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்கு அலைந்தவர்கள் நாங்கள். இன்னொரு நிலுவைக் கணக்கில் பெயர் எழுத இங்கே யாரும் வரமாட்டார்கள்.