சாப்பிட்டியான்னு கேட்டா என்ன சொல்லும்?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதறேன்.

போன மாசம் அம்மாவுக்கு ஒரு போன். நகைக்கடனுக்கு வட்டி கட்டச் சொல்லி. பொண்ணு குரல், நல்ல தமிழ். எங்க பேச்சுல கலக்கற மலையாளம் ஒரு சொட்டு இல்லை. நடுநடுவுல "ம்ம்... ஒரு நிமிஷம்மா"ன்னு இழுக்குது, பின்னாடி கீபோர்டு தட்டற சத்தம் வேற. ஸ்பீக்கர்ல நானும் கேட்டுட்டிருந்தேன். மூணு தடவையும் அதே டகடக, கொஞ்சம் இடைவெளி, கடைசியா ஒரு தட்டு. பொறி தட்டிருச்சு எனக்கு.

அம்மா அதையெல்லாம் எங்க கவனிச்சாங்க? தேதி பேசி முடிச்சதும் வழக்கம்போல, "சாப்டியா கண்ணு?"

"சாப்பிட்டேம்மா. நீங்க?"

அவ்வளவுதான். கத்தரிக்கா புளிக்குழம்புல ஆரம்பிச்சு முட்டுவலி வரைக்கும் போயிட்டாங்க. அதுவும் சளைக்காம "அப்படியாம்மா" போட்டுச்சு.

வெச்சப்புறம் சொன்னேன், அது மெஷின்னு. சங்கடப்படுவாங்கன்னு நினைச்சேன். "மெஷின்னா இருந்துட்டுப் போகட்டும். சாப்பிட்டேன்னு எதுக்குப் பொய் சொல்லணும்?"ன்னாங்க.

எனக்கும் அதான் உறுத்துது. 2018ல கூகுளோட போன் பேசற மெஷின், டூப்ளெக்ஸ், "ம்ம்" போட்டு சலூன்ல நேரம் வாங்கினப்ப கைதட்டினவங்களும் உண்டு, ஏமாத்துன்னு திட்டினவங்களும் உண்டு. அப்புறம்தான் அது தன்னை யாருன்னு சொல்லிடும்னாங்க. அம்மாவுக்கு யாரும் சொல்லலை.

*

கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு ஒரு பதில். நானும் பாலக்காட்டுப் பக்கம்தான், கஞ்சிக்கோட்டுல வேலை. உங்கம்மா தெரியாமப் பேசினாங்க. நான் மெஷின்னு தெரிஞ்சே பேசறேன். நைட் ஷிப்ட்ல, கேன்டீன் பெஞ்சுல உக்காந்து, சாட்ல தமிழ்ல தட்டுவேன். வீட்டுல சொல்ல முடியாத கடன் விஷயம்தான். யாராவது பக்கத்துல வந்தா கை தானா போனைக் கவுத்திடும்.

வெக்கமாத்தான் இருந்துச்சு, எலிசா கதை படிக்கற வரைக்கும். 1966ல அமெரிக்காவோட எம்ஐடியில வைசன்பாம்னு ஒருத்தர் எழுதின, டைப் பண்ணிப் பேசற புரோகிராம். நாம சொன்னதையே கேள்வியா திருப்பிக் கேக்கும், வேற வித்தை பெருசா இல்லை. அது உருவானதைக் கூட இருந்து பாத்த அவரோட செக்ரட்டரியே, கொஞ்சம் பேசினதும் அவரை ரூமை விட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம்.

*

மறுபடி கொழிஞ்சாம்பாறை. நேத்து அடுத்த போன். எடுத்ததுமே அம்மா, "நீ மெஷினா கண்ணு?"

"புரியலம்மா, மறுபடி சொல்றீங்களா?"

தேதியை மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாங்க. சாப்பிட்டியான்னு கேக்கலை.