உலகக் கோப்பை பார்க்க நாடு விட்டு நாடு போகும் ரசிகனுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமா?

வியாசர்பாடி_விங்கர்:
2026 கால்பந்து உலகக் கோப்பை டிக்கெட் விலையைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்டியை நடத்த விண்ணப்பித்தபோது 21 டாலரிலிருந்து டிக்கெட் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில், நாட்டுச் சங்கங்கள் வழியாகத் தீவிர ரசிகர்களுக்கு விற்கிற டிக்கெட்டிலேயே இறுதிப் போட்டிக்கு ஆகக் குறைந்த விலை 4,185 டாலர் என்று வந்து நின்றது. ஐரோப்பிய ரசிகர் அமைப்பு இதை மாபெரும் துரோகம் என்றது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, போட்டியை நடத்தும் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா 60 டாலர் டிக்கெட் என்று ஒன்றை அறிவித்தது, ஆனால் எத்தனை பேருக்கு? ஒரு ஆட்டத்தில் ஒரு நாட்டுக்கு 8 சதவீத இருக்கை, அதிலும் 10 சதவீதம்தான். 50,000 பேர் உட்காரும் மைதானத்தில் 400 பேர்.

தன் அணிக்காகக் கடல் தாண்டி வருகிறவர்களுக்கு, அந்த நாட்டுப் பங்கில் பாதியையாவது குறைந்த விலையில் ஒதுக்க வேண்டும் என்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

எடிசன்வாசி:
உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் பாருங்கள் நண்பரே. இருக்கிற சீட்டை விடப் பல மடங்கு பேர் கேட்கிறார்கள். விலையைக் குறைத்து வைத்தால் பிளாக்கில் விற்கிறவன் வாங்கி அதே 4,000 டாலருக்குத் தள்ளுவான். அந்தக் காசு இடைத்தரகனுக்குப் போவதை விட ஃபிஃபாவுக்குப் போனால், அதில் ஒரு பகுதியாவது சின்ன நாட்டுச் சங்கங்களுக்குப் போய்ச் சேரும். விமான டிக்கெட், ஓட்டல், சாப்பாடு என்று செலவழிக்க முடிகிறவன்தான் எப்படியும் வெளிநாட்டுக்குப் போய்ப் பார்க்கிறான், அவனுக்கு எதற்குச் சலுகை?

வியாசர்பாடி_விங்கர்:
இடைத்தரகனா? ஃபிஃபா தானே மறுவிற்பனைத் தளம் நடத்தி விற்கிறவரிடம் 15 சதவீதம், வாங்குகிறவரிடம் 15 சதவீதம் எடுக்கிறது. மெக்சிகோவில் நடக்கும் ஆட்டங்களுக்கு, அந்த நாட்டில் வசிப்பவர்கள் அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்ய முடியாது என்று தனி ஏற்பாடே இருக்கிறது. அங்கே முடிகிறது என்றால் மற்ற இடங்களிலும் முடியும், மனசுதான் இல்லை.

போகிறவன் எல்லாம் பணக்காரன் என்பதும் சரியில்லை. பெரு 36 வருஷம் கழித்து 2018-இல் தகுதி பெற்றது. முதல் ஆட்டம் சரான்ஸ்க் என்கிற சின்ன ரஷ்ய நகரத்தில், டென்மார்க்கோடு. வேலையை விட்டவர்கள், காரை விற்றவர்கள் என்று ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள், மைதானம் முழுக்கச் சிவப்புப் பட்டை போட்ட வெள்ளைச் சட்டைதான். பெரு வீரர் குவேவா பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார், பெரு 0-1 என்று தோற்றது, ஆனாலும் அந்த வருஷம் ஃபிஃபாவே சிறந்த ரசிகர் விருதை அவர்களுக்குத்தான் கொடுத்தது. விருது கொடுத்த கையோடு அடுத்தவர்களுக்கு வாசலை மூடுகிறார்கள்.

தோஹா_குமரன்:
விங்கர் தம்பி, நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். 2022-இல் நான் தோஹாவில் ஏ.சி. வேலையில் இருந்தேன். கத்தாரில் வசிப்பவர்களுக்கு என்று 40 ரியால் டிக்கெட் இருந்தது, நம்ம காசுக்கு 900 ரூபாய் மாதிரி. என்னைப் போன்ற கூலிக்காரன் உலகக் கோப்பையை நேரில் பார்த்தது அந்த விலையால்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்குப் பாதி ஒதுக்கு என்றால், ஸ்டேடியத்தைக் கட்டியவன் எங்கே உட்காருவது?

இன்னொன்றும் நெஞ்சில் நிற்கிறது. போட்டிக்கு முன்னால் கார்னிஷ் கடற்கரைச் சாலையில் மலையாளிப் பையன்கள் அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து சட்டை போட்டு மேளம் அடித்து ஊர்வலம் போனார்கள். காசு வாங்கிக்கொண்டு வந்த போலி ரசிகர்கள் என்று ஐரோப்பாவிலிருந்து ஒரே கேலி. கோழிக்கோடு பக்கம் ஆற்றுக்கு நடுவில் மெஸ்ஸிக்குக் கட்-அவுட் வைத்த ஊர்க்காரர்கள் அவர்கள்! பாஸ்போர்ட் வேறு என்பதால் ஒருவன் ரசிகன் இல்லை என்றாகிவிடுமா?

வியாசர்பாடி_விங்கர்:
குமரன் அண்ணே, அந்தக் கேலி அநியாயம், அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் நான் கேட்பது நாட்டுச் சங்கங்களின் பங்குக்குள்ளேதான், உங்கள் 40 ரியாலில் கை வைக்கச் சொல்லவில்லை. அதோடு, கத்தார் அரசே ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ரசிகர்களைத் தேர்ந்தெடுத்து, விமானச் செலவும் தங்குமிடமும் கொடுத்து, தொடக்க விழாவில் பாட ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்ததே, அதை என்ன சொல்வீர்கள்? தூரத்திலிருந்து வருகிறவனின் சத்தம் வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

தோஹா_குமரன்:
அந்த ஏற்பாடு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சத்தம் என்று சொல்கிறீர்களே, மொராக்கோ ஸ்பெயினைப் பெனால்டியில் வீட்டுக்கு அனுப்பிய அன்று ஸ்டேடியத்தில் காது கிழிந்தது. ஸ்பெயின்காரன் பந்தைத் தொட்டாலே விசில். மூன்று பெனால்டி அடித்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அந்த விசில் அடித்தவர்களில் மொராக்கோவிலிருந்து வந்தவர்களும் உண்டு, தோஹாவிலேயே வேலை பார்க்கும் துனிசியர், பாலஸ்தீனியர், எகிப்தியரும் உண்டு.

ராத்திரி சூக் வாகிஃப் சந்தைப் பக்கம் உயரமான நாற்காலியில், கூட்டத்துக்கு வழிகாட்டும் ஒரு ஆப்பிரிக்கப் பையன் பெரிய ஸ்பாஞ்ச் கையை நீட்டி ‘மெட்ரோ?’ என்று ராகம் போட, கூட்டம் முழுக்க ‘திஸ் வே!’ என்று திருப்பிக் கத்தும். அதில் யார் அர்ஜென்டினாக்காரன், யார் நம்மாள் என்று பிரிக்கவே முடியாது.

ஸ்கார்பரோ_செல்வி:
இவ்வளவு நேரமும் விலையைப் பற்றித்தான் கதைக்கிறோம். காசு இருந்தும் வர முடியாத சனத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற ஈரான், ஹைத்தி இரண்டும் 2025 ஜூனில் அமெரிக்கா போட்ட பயணத் தடையில் இருக்கின்றன. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. டிசம்பரில் செனகலும் ஐவரி கோஸ்டும் பகுதித் தடைக்குள் வந்துவிட்டன.

எடிசன்வாசி:
அது அரசாங்க முடிவு, ஃபிஃபா என்ன செய்யும்? பாஸ்டனிலும் மயாமியிலும் ஹைத்திக்காரர்கள் ஏராளம். கேலரி நிறைந்துவிடும், அணிக்கு ஆதரவு குறையாது.

ஸ்கார்பரோ_செல்வி:
கேலரி நிறையும்தான், அதைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஹைத்தி கடைசியாக உலகக் கோப்பை ஆடியது 1974-இல். நாட்டில் இருக்கிற வன்முறையால் இந்த முறை ‘சொந்த மண்’ ஆட்டங்களையே குரசோ தீவில்தான் ஆடினார்கள். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் இருக்கிற சனம் தங்கள் அணியை ஊரிலும் பார்க்கவில்லை, இனி வெளியிலும் பார்க்க முடியாது. நானும் புலம்பெயர்ந்தவள்தான். நாங்கள் கொடி பிடித்தால் போதும், ஊரில் இருக்கிறவர்கள் தேவையில்லை என்று யாரும் எங்களைக் காட்டிச் சொல்லக்கூடாது. ஜூன் 13 பாஸ்டனில் ஹைத்தி-ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர் இணையத்தில் அனுமதி எடுத்து விமானம் ஏறலாம். ஹைத்தியில் இருக்கிற ரசிகருக்கு விசா கிடைக்கவே வழியில்லை. இதில் என்ன சமம் இருக்கிறது?

தோஹா_குமரன்:
செல்வி அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எடிசன் நண்பருக்கு ஒன்று: 2022-இல் கத்தாரில் ஹய்யா கார்டு என்ற ரசிகர் அட்டைதான் விசா, மெட்ரோவும் அதிலேயே இலவசமாக இருந்தது. 2018-இல் ரஷ்யாவில் ஃபேன் ஐடி இருந்தால் விசா வேண்டாம், நகரம் விட்டு நகரம் போகத் தனி ரயிலும் இலவசம். அதுவும் அரசாங்கம் செய்ததுதானே.

எடிசன்வாசி:
ஒரு நாட்டின் எல்லையை விளையாட்டுச் சங்கம் தீர்மானிக்க முடியாது என்பதில் நான் மாறவில்லை. விலையிலும் அப்படித்தான்.

வியாசர்பாடி_விங்கர்:
தீர்மானிக்க வேண்டாம், போட்டியைக் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கட்டும். தகுதி பெற்ற எந்த நாட்டு ரசிகருக்கும் டிக்கெட் இருந்தால் விசா, நாட்டுப் பங்கில் பாதிக்குக் குறைந்த விலை என்று ஒப்பந்தத்தில் எழுதாத நாட்டுக்குப் போட்டி கிடையாது. 2030 மொராக்கோ, ஸ்பெயின், போர்ச்சுகலில், 2034 சவுதியில். இப்போதே கேட்டால்தான் உண்டு.