1998 மாடல் சிவப்பு 800: தேய்ச்சு மீட்கலாமா, புது பெயின்ட்தானா?

உப்பளத்துக்காரன்:
அப்பா 1998ல வாங்குன மாருதி 800. சிவப்பு. தூத்துக்குடி வெயில்லயும் உப்புக் காத்துலயும் வாசல்லயே நின்ன வண்டி. இன்ஜின் இன்னைக்கும் ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுது. ஆனா பானெட்டும் ரூஃபும் ரோஸ் கலருக்குப் போயிட்டு. கைய வச்சுத் தடவுனா விபூதி மாதிரி பொடி ஒட்டுது. பட்டறையில முழு வண்டியும் அடிக்க 45,000 கேக்காங்க. கூட்டாளிங்க, பாலிஷ் போட்டாலே போதும்னு சொல்லுதாங்க. எது சரி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவை பட்டறை:
22 வருசமா பெயின்ட் வேலை பண்றேனுங்க. பொடியா வருதுன்னா மேல இருக்கற பெயின்ட் முடிஞ்சு போச்சு. பாலிஷ் போட்டா ஒரு மாசம் பளபளன்னு இருக்கும், அப்புறம் பழையபடி ரோஸ்தான். அதுக்கு 4,000, 5,000 செலவு பண்ணிட்டு மறுபடி எங்ககிட்டதான் வருவீங்க. நல்லா வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர்ங்கற அடிப்பூச்சு அடிச்சு, பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் ஏத்திருங்க. பத்து வருசம் திரும்பிப் பாக்க வேண்டாம்.

சேலம் டிராவல்ஸ்:
எங்க அம்பாசடருக்கு வாரம் ஒரு தடவை டீசல் துணியால துடைப்போம். கண்ணாடி மாதிரி இருக்கும். செலவே இல்லை.

வேப்பமர நிழல்:
டீசல் வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தப் பளபளப்பு எண்ணெய்ப் பசையோட பளபளப்பு. ரெண்டு நாள்ல ரோட்டுத் தூசி முழுக்க அதுல ஒட்டும், கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் ஊறி உப்பிடும்.

பட்டறைக்காரர் அனுபவத்துல பேசறார், மதிக்கிறேன். ஆனா வண்டியைப் பார்க்காம பெயின்ட் முடிஞ்சு போச்சுனு சொல்றதை ஏத்துக்க மாட்டேன். நான் என் 1996 வண்டியை என் கையால மீட்டவ, அதனால சொல்றேன். முதல்ல ரெண்டு சோதனை பண்ணுங்க.

ஒண்ணு, பானெட் மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. நனைஞ்ச இடத்துல பழைய சிவப்பு திரும்பி வருதா? வந்தா நல்ல சேதி. வெயில்ல பெயின்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற ரெசின் சிதைஞ்சு, மேல்தளம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரடுமுரடாகுது. அதுல வெளிச்சம் சிதறுறதாலதான் நமக்கு ரோஸாத் தெரியுது. தண்ணி அந்தக் குழிகளை நிரப்பினதும் சிதறல் நின்னுடும். அப்படின்னா அடியில சிவப்பு இருக்கு, மேல இருக்கிற செத்த தோலை எடுத்தாப் போதும்.

ரெண்டாவது, டிக்கி ஓரத்துல ஒரு ரூபா காசளவு இடத்துல வெள்ளை பனியன் துணியால கொஞ்சம் பாலிஷ் தேயுங்க. துணியில சிவப்பு வந்தா அது ஒரே அடுக்கு பெயின்ட், மேல கிளியர் கோட்ங்கிற நிறமில்லாத பூச்சு இல்லை. நிறமே வரலைன்னா கிளியர் இருக்கு. அந்தக் கிளியர் தோல் உரியற மாதிரி வெள்ளை வெள்ளையா உரிஞ்சிருந்தா நானே சொல்றேன், பாலிஷ் எதுவும் செய்யாது, பெயின்ட்தான் வழி.

கோவை பட்டறை:
சோதனை ரெண்டும் சரிங்க, மறுக்கல. ஆனா நீங்க சொல்லாத ஒண்ணு இருக்கு. காம்பவுண்ட்ங்கற தேய்க்கற பசை போடறதுன்னாலே பெயின்ட்டைச் சுரண்டறதுதான். கம்பெனி பெயின்ட் பிரைமரோட சேத்து 100ல இருந்து 150 மைக்ரான் வரைக்கும். நம்ம தலைமுடி கனமே கிட்டத்தட்ட 70. அதுல சிவப்பு எத்தனை இருக்கும், பாருங்க. ஏற்கனவே வெயில் தின்னது போக, யாராவது முன்னாடி ரப்பிங் போட்டிருந்தா இன்னும் கம்மி. போன மாசம் ஒரு பையன் பஃபிங் மெஷின் வாங்கி வீட்லயே போட்டுப் பாத்துட்டு, பானெட் மடிப்புல இரும்பு தெரியத் தெரியக் கொண்டு வந்தான். கண்ணு கலங்கி நின்னானுங்க. அதனாலதான் சொல்றேன்.

வேப்பமர நிழல்:
அது மெஷினால வந்தது அண்ணா, பாலிஷால வந்ததில்லை. ஒரே அச்சுல சுத்தற மெஷினை முதல் நாளே கையில எடுத்தா மடிப்புல சூடேறி சில நொடியில பெயின்ட் போயிடும். ஆட்டிக்கிட்டே சுத்தற டூயல் ஆக்‌ஷன் மெஷின் அவ்வளவு சூடாக்காது. மடிப்பு, ஓரம் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, அங்க மட்டும் கையால மெதுவாத் தேய்க்கணும்.

நான் ஏன் கம்பெனி பெயின்ட்டுக்கு இவ்வளவு வாதாடறேன்னா, ஃபேக்டரியில வெறும் கூடா இருக்கும்போது முழுசா முக்கி மின்சாரத்துல பிரைமர் ஏத்தறாங்க. அப்புறம் 140 டிகிரி பக்கம் சூட்டுல பெயின்ட்டைச் சுடறாங்க. ஒயரும் ரப்பரும் சீட்டும் இருக்கிற வண்டியை எந்தப் பட்டறையிலயும் அந்தச் சூட்டுல வைக்க முடியாது. நல்ல பூத்தே 60, 70 டிகிரிதான். ஒரு தடவை சுரண்டி எடுத்துட்டா அந்த அடித்தளம் திரும்பக் கிடைக்காது. அதுவும் தூத்துக்குடியில! பீடிங்கைக் கழட்டாம டேப் ஒட்டி அடிச்சா, அந்த ஓரத்துல உப்புத் தண்ணி புகுந்து ரெண்டே மழையில துரு கிளம்பும். எங்க மாமா வண்டியில என் கண்ணால பார்த்தேன்.

கோவை பட்டறை:
பீடிங் கழட்டாம அடிக்கறவன் வேலைக்காரனே இல்லைங்க. அந்த ஒரு விசயத்துல உங்க பக்கம்தான் நான்.

உப்பளத்துக்காரன்:
ரெண்டு பேரும் சொன்னத வச்சு நேத்து விடியக்கால 6 மணிக்கே இறங்கிட்டேன். தண்ணி ஊத்துனதும் பானெட்டு செக்கச்செவேல்னு ஆயிட்டு. அப்பா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. துணியிலயும் சிவப்பு வந்துச்சு. ஷாம்பு போட்டுக் கழுவி, களிமண் கட்டி மாதிரி விப்பாங்கள்லா, அந்த கிளே பார தேச்சேன். வெள்ளைக் கட்டி கறுத்தே போச்சு. அப்புறம் கையாலயே காம்பவுண்ட், டிரைவர் பக்கக் கதவு மட்டும். ரெண்டு மணி நேரம், தோள்பட்டை விட்டுப் போச்சு. ஆனா அந்தக் கதவுல இப்ப என் மொகம் தெரியுது.

பிரச்சினை ரூஃப்ல. அங்க தண்ணி ஊத்தியும் நிறம் முழுசாத் திரும்பல. நடுவுல உள்ளங்கை அளவுக்கு சாம்பல் நிறம் தெரியுது.

வேப்பமர நிழல்:
அந்தச் சாம்பல் பிரைமர். அங்க சிவப்பு தீர்ந்து போச்சு, ரூஃபைத் தொடாதீங்க. அண்ணா சொன்னது ரூஃபுக்குச் சரிதான். கதவு, பானெட், டிக்கி, ஃபெண்டர் எல்லாம் தேய்ச்சே மீட்கலாம். வெயில் ஏறறதுக்கு முன்னாடி நிழல்ல பண்ணுங்க. சூடான தகட்டுல காம்பவுண்ட் காய்ஞ்சு ஒட்டிக்கும். தேய்ப்பும் ரூஃப் பெயின்ட்டும் முடிஞ்சதும் தள்ளிப் போடாம தேய்ச்ச இடத்துக்கு மெழுகு போடுங்க, விட்டா மறுபடி பொடிதான். உங்க ஊர் வெயிலுக்கு மெழுகு ஒண்ணரை, ரெண்டு மாசம் தாங்கினாலே அதிகம். சோம்பல் படாம திரும்பப் போடணும்.

ஒரு எச்சரிக்கை. ரூஃபுக்குப் பெயின்ட் அடிச்ச பிறகு மத்த இடத்துக்கு மெழுகு போடுங்க. சிலிகான் கலந்த பாலிஷ் தெறிச்ச இடத்துல புது பெயின்ட் ஒட்டாம குழி குழியா விலகும்.

கோவை பட்டறை:
அதை நாங்க மீன்கண்ணுன்னு சொல்லுவோம். சரியாச் சொன்னீங்க. தம்பி, கம்பெனி கலர் நம்பரை மட்டும் சொல்லி பெயின்ட் வாங்கிராதீங்க. அந்த நம்பர்ல வர்றது 1998ல இருந்த சிவப்பு. நீங்க தேய்ச்சு மீட்ட கதவைக் காட்டி, அதுக்குத் தகுந்தாப்புல கலக்கச் சொல்லுங்க. ரூஃபுக்கு மேல கண்டிப்பா ரெண்டு கோட்டு கிளியர் போட்டுக்குங்க. வெயிலை நேரா வாங்கற இடம் அதுதான், கிளியர்ல இருக்கற யு.வி. தடுப்புதான் நிறத்தைக் காக்கும். வீட்ல வச்சு அடிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பெயின்ட் இறுகறதுக்குக் கலக்கற ஹார்ட்னர்ல ஐசோசயனேட்ங்கற ரசாயனம் இருக்குங்க, சரியான மாஸ்க் இல்லாம இழுத்தா நுரையீரலுக்கு ஆகாது. எங்க ஆளுங்க எத்தனை பேர் இளைப்போட கிடக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்.

வேப்பமர நிழல்:
கிளியர் விஷயத்துல எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. ரூஃப் மட்டும் கண்ணாடி மினுமினுப்பா, கதவெல்லாம் பழைய பெயின்ட்டோட மிதமான பளபளப்பா இருந்தா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரித் தெரியும். கிளியர் இல்லாத ஒரே அடுக்கு பி.யூ. அடிச்சா ரெண்டும் ஒரே மாதிரி தேயும், ஒரே மாதிரி மெழுகு வாங்கும்.

கோவை பட்டறை:
ரூஃப் படுத்த தகடு, கதவு நின்ன தகடு. ரெண்டையும் யாரும் ஒரே பார்வையில பாக்கறதில்லைங்க. அழகை விட ஆயுசு முக்கியம்னு நான் நினைக்கறேன்.

உப்பளத்துக்காரன்:
அப்பாகிட்ட கேட்டேன். வாங்குனப்ப இருந்த மாதிரியே இருக்கட்டும், மினுமினுப்பு வேண்டாம்னுட்டாங்க. அதனால ரூஃபுக்கு ஒரே அடுக்குதான், கிளியர் இல்ல. கோவை அண்ணாச்சி கோவிச்சுக்காதீங்க, வருஷம் பூரா மெழுகு போடுற பொறுப்பு என்னோடது. வாசல்ல தகர ஷெட் ஒண்ணும் போடச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை பீடிங் கழட்ட வண்டிய விடுறேன், அதுக்குள்ள இன்னும் மூணு கதவு தேய்க்கணும்.