ஹரிக்கேன் டிடக்டிபிள்: கழிவா, பொறுப்பா?

டாம்பாவிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஃபுளோரிடாவில் வீடு வைத்திருக்கும் தமிழர்களுக்காக வீட்டுக் காப்பீடு பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. ஹரிக்கேன் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். வேலை ஒரே சொல்லில் நிற்கிறது: டிடக்டிபிள், அதாவது சேதத்தில் காப்பீட்டு நிறுவனம் தராமல் வீட்டுக்காரரே ஏற்க வேண்டிய தொகை. வரைவில் 'கழிவுத்தொகை' என்று போட்டோம். படித்தவர்கள் அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு இதுதான். கட்டடத்துக்கான காப்புத்தொகை 3 லட்சம் டாலர் என்று வையுங்கள். ஹரிக்கேன் டிடக்டிபிள் 2 விழுக்காடு என்றால் 6,000 டாலர், 5 என்றால் 15,000, 10 என்றால் 30,000. காற்றால் 20,000 டாலர் சேதம் என்று மதிப்பிட்டால் 5 விழுக்காட்டுக்காரருக்கு வருவது 5,000. 10 விழுக்காட்டுக்காரருக்கு ஒன்றும் வராது. விழுக்காடு காப்புத்தொகைமேல் ஏறுகிறது, சேதத்தின்மேல் அல்ல. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: 20,000-க்கு 2 விழுக்காடு 400 டாலர்தானே என்று போட்டுவிடுகிறார்கள்.

தனி ஹரிக்கேன் டிடக்டிபிள் உள்ள பாலிசியின் முகப்பில், அதனால் கையிலிருந்து பெருந்தொகை போகலாம் என்ற எச்சரிக்கையை 18 புள்ளித் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது ஃபுளோரிடாச் சட்டம். அந்த வாக்கியத்தின் அழுத்தம் குறையாத தமிழ்ச்சொல் வேண்டும்.

மதுரையிலிருந்து:

'கழிவு' என்பதை அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். டிடக்டிபிள் என்பதற்கு நேர்ப்பொருள் கழிக்கத்தக்கது. மேலும் ஒன்று: 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்' என்று நன்னூல் கழியை மிகுதிப் பொருளில் வைக்கிறது. கழிபேருவகை என்பதில் கழி அதுதான். பிரிட்டிஷ் வழக்கில் இதே தொகைக்கு 'எக்ஸஸ்' என்று பெயர், அதாவது மிகை. குறைத்தல், மிகுதல் என்று இரு நாட்டார் இரு முனையில் நின்று பெயரிட்டதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. உப்பங்கழியையும் பாருங்கள். அது கடல் மிகுந்து உள்ளே ஏறிய நீரா, கடலிலிருந்து ஒதுங்கிக் கழிந்த நீரா? இரண்டும் பொருந்தும். இவ்வளவு வளமான வேரை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா சொல்லும் நூற்பா சரி. ஆனால் எங்கள் கடைகளில் 'கழிவு' என்று எழுதினால் விலைக்கழிவு, அதாவது மலிவு. தமிழ்நாட்டில் அதே சொல் கழிவுநீர்ப் பக்கம் போகிறது. வீட்டுக்காரர் சுமக்க வேண்டிய 15,000 டாலரை ஒரு சலுகை மாதிரிச் சொல்லும் சொல் இந்தத் துண்டறிக்கைக்கு ஆகாது. 'தன்பொறுப்புத் தொகை' என்று போடலாம். ஜெர்மன்காரர் 'செல்பஸ்ட்பெடைலிகுங்' என்று தன் பங்கைத்தான் சொல்கிறார்கள். டச்சுக்காரர் 'எய்கன் ரிசிகோ' என்கிறார்கள், சொந்த இடர்.

கோவையிலிருந்து:

'பிடித்தம்' போதுமே. சம்பளப் பட்டியல் பார்த்த எவருக்கும் புரியும். பிடித்தம் போகக் கைக்கு வருவது இவ்வளவு என்று சொல்லிவிடலாம். இலக்கணம் தேட வேண்டியதே இல்லை.

ஹூஸ்டனிலிருந்து:

> 'பிடித்தம்' போதுமே.

போதாது, ஏனென்றால் உண்மையான பிடித்தம் வேறொன்று இதே கிளெய்மில் இருக்கிறது. புதுக்கூரை போட 24,000 டாலர். பழைய கூரைக்குத் தேய்மானம் 9,000. டிடக்டிபிள் 6,000. முதல் காசோலை 9,000-க்கு வரும். வேலையை முடித்து ரசீது அனுப்பினால், நிறுத்திவைத்த தேய்மானம் 9,000 பிறகு வரும். ஆக மொத்தம் 18,000. அந்த 6,000 எந்நாளும் வராது. இரண்டையும் பிடித்தம் என்றால், 6,000 எப்போது திரும்பும் என்று மக்கள் காத்திருப்பார்கள். பிடித்தம் என்பதைத் தேய்மானத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். கூரைக்கு மட்டும் தேய்மானம் போன நடப்பு மதிப்பே தருவோம் என்று பாலிசியில் இருந்தால் அந்த 9,000-மும் கிடையாது. இதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

டிடக்டிபிளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் கூரை ஒப்பந்தக்காரரை நம்பக் கூடாது. டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல் அப்படிச் செய்வது குற்றம். அந்தப் பங்கைக் கட்டியதற்குச் சான்று காட்டும்படி நிறுவனம் வீட்டுக்காரரைக் கேட்கலாம்.

இன்னொன்று, டெக்சாஸ் பாலிசிகளில் பரவலாக இருப்பது காற்று, ஆலங்கட்டி டிடக்டிபிள். அதற்கு ஹரிக்கேன் வர வேண்டியதில்லை. ஏப்ரல் மாத இடிமழையில் ஆலங்கட்டி விழுந்தாலும் அதே விழுக்காடுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அப்படியானால் ஹரிக்கேனுக்கும் ஒரு சொல் வேண்டுமே? வரைவில் ஓரிடத்தில் புயல், ஓரிடத்தில் சூறாவளி என்று கிடக்கிறது. 1978-இல் மட்டக்களப்பை அடித்ததை நாங்கள் சூறாவளி என்கிறோம். தமிழ்நாட்டில் அதையே புயல் என்பார்கள்.

டாம்பாவிலிருந்து:

அங்கே கை வைக்க முடியாது. இந்திய வானிலைத் துறைக் கணக்கில் மணிக்கு 62 கிலோமீட்டரிலேயே புயல் ஆகிவிடும். ஹரிக்கேன் ஆக 119 வேண்டும். 'பெயரிட்ட புயல்' டிடக்டிபிள் என்று வேறொரு வகை உண்டு; அது ஹரிக்கேன் ஆகுமுன்பே பாயும். எந்த டிடக்டிபிள் பாயும் என்பதைக் காற்றின் வலு முடிவு செய்வதில்லை, அறிவிப்பு முடிவு செய்கிறது. 2012 அக்டோபர் 29 அன்று நியூஜெர்சியில் கரையேறுமுன் சாண்டி வெப்பமண்டலப் புயல் என்ற நிலையையும், அதோடு ஹரிக்கேன் என்ற பெயரையும் இழந்துவிட்டது. ஆகவே நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் அரசுகள் ஹரிக்கேன் டிடக்டிபிளை விதிக்கக் கூடாது என்றன. ஒரு பெயர் மாறியதில் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம். ஹரிக்கேன் என்றே எழுதுவோம்.

ஃபுளோரிடாவில், தேசிய ஹரிக்கேன் மையம் மாநிலத்தின் ஏதாவது ஒரு பகுதிக்கு ஹரிக்கேன் கண்காணிப்போ எச்சரிக்கையோ விடுத்ததும் ஹரிக்கேன் டிடக்டிபிள் பாயும் காலம் தொடங்குகிறது; கடைசி அறிவிப்பு விலகி 72 மணி நேரம்வரை ஓடுகிறது. கடல்நீர் ஏறி வீட்டுக்குள் வந்தால் அது வெள்ளம். அதற்கு வேறு பாலிசி, வேறு டிடக்டிபிள், கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் தனித்தனியாக.

சொல்லுக்கு வருகிறேன். 2004-இல் சார்லி, ஃபிரான்சிஸ், ஐவன், ஜீன் என்று ஆறே வாரத்தில் நான்கு ஹரிக்கேன்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிடக்டிபிள் சுமந்தவர்கள் இருந்தார்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒன்று என்று சட்டம் வந்தது. டிடக்டிபிள் 15,000 என்றால், முதல் ஹரிக்கேனில் 11,000 டாலர் சேதம். நிறுவனம் எதுவும் தராது. அதே ஆண்டு இரண்டாவது வந்தால் மீதி 4,000, அல்லது மற்ற சேதங்களுக்கான சாதாரண டிடக்டிபிள், இரண்டில் எது பெரிதோ அதுவே பாயும். பணம் வராது என்று தெரிந்தாலும் முதல் சேதத்தைத் தெரிவித்து ரசீதுகளை வைத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். இப்போது பாருங்கள்: முதல் ஹரிக்கேனில் எவரும் எதையும் கழிக்கவில்லை. ஆனால் 11,000 டாலர் பொறுப்பைச் சுமந்தாயிற்று. 'கழிவு' இங்கே முறிகிறது, 'பொறுப்பு' நிற்கிறது.

மதுரையிலிருந்து:

முறிவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பாலிசியில், வழுக்கி விழுந்த விருந்தினர் வழக்குப் போட்டால் காப்பாற்றும் பகுதிக்குப் பொறுப்புக் காப்பீடு என்றல்லவா பெயர்? இரண்டு பொறுப்பு ஒரு பாலிசியில் எப்படி? 'தாங்குதொகை' என்று வையுங்கள். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளில் தாங்குதலும் பொறுத்தலும் ஒரே பொருளில் வருகின்றன. பொறை என்றால் சுமை, மலையும் பொறை...

கோவையிலிருந்து:

ஐயா, தாங்குதொகை என்றால் கம்பெனி நம்மைத் தாங்குகிறது என்றுதான் படிப்பார்கள். கூரை பறந்த மறுநாள் தொலைபேசியில் முகவரிடம் எந்தச் சொல்லைச் சொல்வார்கள்? டிடக்டிபிள். அதை முதலில் எழுதுங்கள், தமிழ் பின்னால் வரட்டும்.

மதுரையிலிருந்து:

பின்னால் வைத்த தமிழ் பின்னாலேயே நின்றுவிடும். பேருந்தைப் பேருந்து என்று முன்னால் எழுதியதால்தான் அது இன்று பலகையில் இருக்கிறது.

டாம்பாவிலிருந்து:

கெடு நாளை மாலை. நால்வர் 'தன்பொறுப்புத் தொகை' என்கிறார்கள். வழக்குப் பகுதிக்குப் 'பிறர் இழப்புக்கான காப்பு' என்று பெயர் மாற்றிவிடுகிறேன். தலைப்பிலும் எச்சரிக்கையிலும் டிடக்டிபிள் என்பது முன்னால் வரும்:

'இந்தப் பாலிசியில் ஹரிக்கேன் இழப்புக்குத் தனி டிடக்டிபிள் உண்டு. இந்தத் தன்பொறுப்புத் தொகையை நீங்களே ஏற்க வேண்டும். அது பெருந்தொகையாக இருக்கலாம்.'

மதுரையிலிருந்து:

என் மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும். அச்சுக்குமுன் புணர்ச்சியையாவது திருத்துங்கள். தன், பெருமை தற்பெருமை ஆவதுபோல் இது தற்பொறுப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தற்பொறுப்பு என்றால் தற்காலிகப் பொறுப்பு என்று படிப்பார்கள், ஐயா. பிரித்தே இருக்கட்டும்.

மதுரையிலிருந்து:

தற்காப்பை எவரும் தற்காலிகக் காப்பு என்று படிப்பதில்லையே, அம்மா.