இரட்டைச் சிலிண்டர் டைவிங்: எதை முதலில் வாங்குவது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடிச்ச ஹெர்மிஸ் என்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் எங்கட மட்டக்களப்புக் கடலில 50 மீட்டருக்கும் கீழ கிடக்கு. அதை ஒருநாள் பார்க்கவேணும் என்டுதான் முதுகில ரெண்டு காற்றுச் சிலிண்டரோட முங்கிற இரட்டைச் சிலிண்டர் டைவிங் பழகத் தொடங்கியிருக்கிறன்.

சிலிண்டர் ரெண்டு வாங்கினால் போதும் என்டு நினைச்சன். இப்ப மெனிஃபோல்ட் (ரெண்டு சிலிண்டரையும் இணைக்கிற வால்வுக் குழாய்), ரெண்டு ரெகுலேட்டர் (சிலிண்டர்க் காற்றை மூச்செடுக்கத் தாற கருவி), 2 மீட்டர் மூச்சுக் குழாய், பேக்பிளேட் (சிலிண்டரை முதுகில தாங்கிற தகடு), பெரிய விங் (மிதப்பைச் சரிப்படுத்திற காற்றுப்பை) என்டு பட்டியல் நீளுது. இதில எதைப் பழசா வாங்கலாம்? அலுமினியச் சிலிண்டர் காற்றுக் குறையக் குறைய மேல இழுக்குது. ஸ்டீலுக்கு மாறினவை சொல்லுங்கோ.

முக்கியமானது இதுதான்: தலைக்குப் பின்னால இருக்கிற நடு வால்வை (ரெண்டு சிலிண்டரையும் ஒன்டிலயிருந்து ஒன்டு பிரிக்கிறது) மூட என்ர கை எட்டுதில்லை. ஸ்ட்ராப்பைத் தளர்த்துறதா, சிலிண்டரை உயர்த்திக் கட்டுறதா? அது சரிவராமல் ஆழத்துக்குப் போகமாட்டன்.